பனைமரத்திடம் பேசிய ஊர்

கூத்தையா ஒரு பிணத்தைப் புதைத்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

உப்பூருக்கு மேற்கே நாலு மைலில் இருக்கிற ஊர் அது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகவும் போவார்கள். ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடி வெயிலில் அப்படி வந்த வடநாட்டுக் கிழவர் ஒருவர் கண்மாய் ஓரம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என்ன பாஷை, என்ன சாதி, யாருக்கும் தெரியாது. தெரியாத பிணத்தைத் தொடலாமா என்று ஊர் ஒதுங்கி நின்றது. பொழுது சாய்ந்தால் நாய் வந்துவிடும். கூத்தையா வேட்டியை மடித்துக் கட்டினான், தூக்கினான், குழி வெட்டினான், தலைமுழுகிவிட்டு வந்து கஞ்சி குடித்தான்.

மறுநாளே ஊர் கூடியது. ஊர்த்தலைவர் முனியசாமி அம்பலம் அவனுக்கு மாமன் முறை.

"மாப்ளே, ஊரைக் கேக்காமத் தொட்டுட்ட. கோயில் வாசல்ல ஊருக்கு விழுந்து கும்பிட்டுரு. அத்தோட முடிஞ்சுது."

"விழுந்து என்னன்னு சொல்ல மாமா? செத்தவனுக்குக் குழி வெட்டுனது தப்புன்னா? அது என் வாயில வராது."

"வாயில வர வேணாம்டா. விழுந்தாப் போதும்."

"உடம்பும் விழாது."

கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள். கூத்தையா வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது. அவனோடு பேச்சு கிடையாது. அவன் வாசலையோ வயலையோ கண்மாய்க் கரையில் அவன் பங்கையோ யாரும் மிதிக்கக் கூடாது. அவனும் ஊர்ப் பொதுவில் கால் வைக்கக் கூடாது. மீறினவனுக்கும் அதே தண்டனை.

"போங்கய்யா" என்று கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டான். உதறத் தகுந்தவன்தான். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஓட்டைக் கலயம் ஒன்று. கருவேலங்காட்டைத் தன் கையால் வெட்டித் திருத்தி, கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை ஆக்கியவன். அப்படிப்பட்டவன் எவன் காலிலும் விழமாட்டான். பாடுபட்டு முன்னுக்கு வந்த எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

ஆனால் மகள் சண்முகவள்ளிக்குத் தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருந்தது. புரட்டாசியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. "பொண்ணுல ஒரு கொறையும் இல்ல. ஊர் வந்து பாக்கு மாத்துமா? ஊர் வராத வீட்டுல நாங்க எப்படிக் கை நனைக்கிறது? கார்த்திகைக்குள்ள ஒரு சொல்லு சொல்லிருங்க."

அன்றிலிருந்து கூத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சமுதாயம் என்றால் என்ன என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். அது ஓர் உடம்பு, ஆளாளுக்கு ஓர் உறுப்பு என்கிறார் ஒருவர். வலுத்தவன் இளைத்தவனை மிதித்து நிற்பதுதான் என்கிறார் அடுத்தவர். நாலு பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் என்கிறார் இன்னொருவர். எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவனானாலும், ஒதுக்கி வைக்கப்பட்டவனைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வான். கூத்தையா ஒவ்வொருவனாகப் பார்த்தான். ஒருவனும் கெட்டவன் இல்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறான். தாண்டிப் போய் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறான். 'நான் என்னய்யா செய்ய, ஊர்க் கட்டுப்பாடு' என்கிறது அந்தப் பார்வை.

"ஊரு ஊருங்கிறாகளே, யாரு அது?" என்றாள் அவன் பெண்டாட்டி பூமயில். "ஆள் இன்னாருன்னு தெரிஞ்சா நானே போயி நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டு வருவேன்."

அவர்களோடு பேச மிஞ்சியவன் திருப்பாலைக்குடியிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் கபீர் மட்டும்தான். தீப்பெட்டியும் அவன்தான் கொடுத்துவிட்டுப் போவான். "எங்க ஜமாத்துலயும் இதே கூத்துதாண்ணே" என்பான். "நல்ல வேளை, மீனுக்கு ஜமாத்து இல்ல."

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கண்மாய் கழுத்து மட்டும் நிறைந்து, கரையில் ஓரிடம் கசிந்தது. அது கூத்தையாவின் பங்கு.

அந்த ஊரில் கரை வீடு வீடாகப் பங்கு போட்டது. அவரவர் பங்குக்கு அவரவர் மண் போட்டுக்கொள்ள வேண்டும். ஜமீன் காலத்தில் பிரம்போடு ஆள் நின்றான். ஜமீன் போன பிறகும், பிரம்பு இல்லாமலே வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் கூத்தையாவை ஒதுக்கி வைத்தவர்கள் அவன் கரைக்கு யார் மண் போடுவது என்று யோசிக்க மறந்துபோனார்கள். அவன் ஏறக் கூடாது. மற்றவர்கள் மிதிக்கக் கூடாது. கற்பூரச் சத்தியம்.

ஊரே கூடையும் மண்வெட்டியுமாகக் கசிவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நனைந்துகொண்டு நின்றது. கூத்தையா கீழே தன் வயல் வரப்பில், ஒரு பனைமரத்தடியில் மண்வெட்டியோடு நின்றான்.

பக்கத்துப் பங்குக்காரன் தங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. மரத்தைப் பார்த்துக் கத்தினான். "ஏலே பனமரமே! மம்பட்டியும் கையுமா நிக்கிற ஆளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேளு."

கூத்தையாவும் மரத்தைப் பார்த்தே சொன்னான். "பனமரமே, நான் ஊருல இல்லாத ஆளு. ஊருக் கரையில எப்படி ஏறுறதுன்னு கேட்டுச் சொல்லு."

"கரை போனா அவன் வயலுந்தான் போகும்!"

"என்னுது ரெண்டு ஏக்கரு. அவுகளுது எம்புட்டுன்னு கேளு."

அம்பலம் தொண்டையைச் செருமினார். "பனமரமே, தை மாசம் அவன் வீட்டுல ஏதோ விசேசமாமே? அதையாவது நெனச்சுப் பாக்கச் சொல்லு."

"அதுக்கு ஊரு வருமான்னு கேளு!"

"விழுந்து கும்பிட்டா வரும்."

"விழ மாட்டான்னு சொல்லு."

பின்னாலிருந்து பூமயில் கத்தினாள். "அடப் பாவிகளா! இன்னுஞ் செத்த நேரத்துல பனமரமும் முங்கிரும். அப்புறம் எதுகிட்டப் பேசுவீக?"

அந்த நேரத்தில் கரையிலிருந்து ஒரு பாளம் மண் சரிந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் அம்பலமே இறங்கி வருவார் என்று கூத்தையாவுக்குத் தெரியும். பேரம் அவன் கையில் இருந்தது. மகள் கல்யாணமும் அதில் இருந்தது. ஆனால் கரைக்கு நேர் கீழே கூலிக்காரர்களின் குடிசைகள். வாசலில் பிள்ளைகள் கப்பல் விட்டுக்கொண்டிருந்தன.

கூத்தையா கரை ஏறினான். குனிந்து, சரிந்த மண்ணை வெட்டிக் கசிவில் போட்டான்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீகளா?" அம்பலத்தின் குரல் மழையைத் தாண்டிக் கேட்டது. "ஊருக்கு முன்னால குனிஞ்சுட்டான்! கும்பிட்டதா வச்சுக்கிருவோம்!"

கூத்தையா நிமிர்ந்தான். "மாமா, நான் மண்ணு வெட்டத்தான்..."

அம்பலம் அதற்குள் அவன் பங்கில் கால் வைத்துக் கிட்டே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார். "தெரியுண்டா மாப்ளே. எனக்கே தெரியுது, அவுகளுக்குத் தெரியாதா? நீ வாயை மட்டும் மூடிக்க."

நாலு மாதம் கழித்துக் கேட்கிற 'மாப்ளே'. இல்லை, நான் கும்பிடவில்லை என்று ஒரு சத்தம் போட்டால் போதும், மானம் நிற்கும். ஊர் பழையபடி அந்தப் பக்கம் போய்விடும். இரண்டு பக்கமும் கூடையோடு நின்றவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயத்தோடு, ஆசையோடு.

 கூத்தையா மறுபடி குனிந்து வெட்டினான். அடுத்து வந்து விழுந்த கூடை மண் தங்கசாமியுடையது.

தையில் ஊர் வந்து பாக்கு மாற்றியது. பந்தலில் சம்பந்திகளிடம் அம்பலம், "எங்க மாப்ள தப்பை உணர்ந்து குனிஞ்ச மனுசன்" என்று பெருமையாகச் சொன்னார். கூத்தையாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் முதல் தாம்பூலத்தை அவருக்குத்தான் கொடுத்தான்.

பந்தியில் உட்கார்ந்திருந்த கபீர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "என்னண்ணே, நீங்க கும்பிட்டீகளாமே? மெய்யா?"

கூத்தையா பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தான். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்திருந்தது.

"ஊரு அப்படித்தான் சொல்லுது" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான்.