அவசரம் இல்லை என்று நான் எழுதிய கடிதம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். ஊழியக்காரரைப் பற்றிக் குறை எழுதுவது பாவமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், இதில் முதல் தவறு என்னுடையது என்பது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற வீடு. ஆனால் நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால் இன்று ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சபை ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் உள்ள புத்தூரில் இருக்கிறது. ஒரே கோயில், இரண்டு ஆராதனை. காலை எட்டரைக்குத் தமிழ், பத்தரைக்குத் தெலுங்கு. நாடு முழுக்கச் சபைகள் உள்ள பெரிய திருச்சபையில் நாங்கள் ஒரு சின்னக் கிளை. எங்களுக்கு மேலே சித்தூரில் வட்டாரத் தலைவர், அவருக்கும் மேலே தேசியப் பேரவை. சட்டம் என்னவோ சுலபமானதுதான். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சபையார் ஓட்டுப் போட்டுக் கமிட்டியையும் ஒரு பிரதிநிதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாச் சபைப் பிரதிநிதிகளும் கூடி வட்டாரத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் என்னைச் செயலாளராக வைத்திருந்தார்கள்.

அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம். எங்கள் பிள்ளைகள் ஐடிஐ முடித்த கையோடு அரக்கோணம் ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்கள். என் மகளும் போனாள். கோயிலில் பாதி பெஞ்சு காலி. அந்த வருஷம் ஆகஸ்டில் தேர்தல் வைக்க வேண்டியிருந்தது. போதகர் கமிட்டியில் சொன்னார்: "பசங்க கிறிஸ்மஸுக்கு வரட்டும். அவங்க இல்லாம இன்னாத்துக்கு எலெக்‌ஷன்?"

எல்லோருக்கும் சரியென்று பட்டது. தமிழ் மினிட் புத்தகத்தில் எழுதினேன்: "வெளியூரில் வேலை செய்கிறவர்கள் வந்த பிறகு வைக்கலாம். இப்போது தேர்தலுக்கு அவசரம் இல்லை."

சித்தூர் ஆபீசுக்குக் கடிதம் தெலுங்கில்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவள் என்பதால் நானே எழுதினேன். முதல் வாக்கியத்துக்குச் சரியான தெலுங்கு வரவில்லை. முக்கியமானது இரண்டாவதுதானே என்று அதை மட்டும் எழுதினேன்: எலெக்‌ஷன் அவசரம் லேது.

தமிழில் அவசரம் என்றால் வேகம், பரபரப்பு. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் வேண்டாம் என்பதற்குத் தினமும் நான் சொல்கிற வார்த்தை அது. பேசும்போது தெரிந்தது, எழுதும்போது தெரியாமல் போய்விட்டது. கண் தமிழைப் பார்த்துக்கொண்டிருந்தது, கை தெலுங்கை எழுதியது. தேர்தல் தேவையே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன்.

நீங்களே அவசரம் லேது என்று சொல்லிவிட்டதால் தலைவர் மூன்று பேரைக் கமிட்டியாக நியமித்திருக்கிறார் என்று பதில் வந்தது. அதையும் தமிழாகவே வாசித்து, கிறிஸ்மஸ் வரைக்கும்தானே என்று இருந்துவிட்டோம். கிறிஸ்மஸ் வந்தது. பிள்ளைகள் வந்து தேர்தல் எங்கே என்று கேட்டார்கள். நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் என் கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார்.

"உங்க செயலாளரம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் என்னைக் கேட்டா?"

அந்த வார்த்தையைப் பார்த்ததும்தான் என் தவறு எனக்குப் புரிந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆறு வருஷம் போனது. தமிழ் ஆராதனையைக் காலை ஆறு மணிக்கு மாற்றினார்கள். எதிர்த்துக் கேட்ட போதகரைத் தூரத்துக்கு மாற்றினார்கள். எங்கள் பேரில் அந்த நியமனக் கமிட்டி அனுப்பிய பிரதிநிதி இரண்டு முறை அதே தலைவருக்குக் கை தூக்கிவிட்டு வந்தார். எஸ்டிடி பூத்திலிருந்து மகள் போன் பண்ணி, "யம்மா, நான் ரயில் எறங்கறதுக்குள்ள ஜெபம் முடிஞ்சி கோயில பூட்டிடறாங்க. யாரப் பாக்க வர்றது?" என்று கேட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவதையே நிறுத்திவிட்டாள். அன்றைக்கு நான் தைத்த ஜாக்கெட்டில் கையை மாற்றி வைத்துவிட்டேன்.

என் கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் லேத் பட்டறைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"ஆறு வருஷமா தலையக் குனிஞ்சிக்கினே கீறியே. நீ இன்னா நெனச்சி எழுதனன்னு ஆண்டவருக்குத் தெரியாதா? மனுசங்களுக்குத்தான் தெரியல. போய்ச் சொல்லு."

அந்த மாதமே வழி திறந்தது. பல சபைகளிலிருந்து புகார் போய், தேசியப் பேரவைத் தலைவரே திருப்பதிக்கு வந்து வட்டாரக் கூட்டம் நடத்தினார். சபையார் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று அறிவிப்பு. மினிட் புத்தகத்தை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு நான், என் கணவர், விஷயத்தைச் சொல்லி வைத்திருந்த என் நாத்தனார் மூவரும் ரயிலேறிப் போனோம். பேரவைத் தலைவர் வடக்கே இருந்து வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு டீச்சரம்மா மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

புத்தூர் பேச்சு வந்ததும் வட்டாரத் தலைவர் நிதானமாக பைலைத் திறந்தார். "வாள்ளே ராசிச்சாரு," என்றார். அவர்களே எழுதிக் கொடுத்தார்கள் என்று. என் கடிதத்தை வாசித்தார்.

நாத்தனார் என் தொடையில் கிள்ளினாள். "எழுந்து பேசு அண்ணி. இல்லன்னா நான் பேசிடுவேன், அப்புறம் குடும்ப மானமே பூடும்."

எழுந்தேன். "ஐயா, அதை எழுதனது நான்தான். தெலுங்குல அவசரம்னா தேவை. எங்க தமிழ்ல அவசரம்னா சீக்கிரம். பசங்க வரட்டும், சீக்கிரம் இல்லன்னு சபையில பேசனாங்க. நான் தேவையில்லன்னு எழுதிட்டேன். இதோ தமிழ்ப் புஸ்தகம்."

டீச்சரம்மா மொழிபெயர்ப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. எங்கள் தெலுங்கு ஆராதனைக்கு வரும் பெரியவர் ஒருவர் எழுந்து, அவர் பேசுகிற தமிழில் சொன்னார்: "அம்மா சொல்றது நிஜம். நான் தமிழு சம்பந்தி வூட்ல பூவா அவசரம் லேதுன்னேன். வேணாம்னு அர்த்தம். அவங்க, மெதுவா துன்னுவாருன்னு மூணு மணி வரைக்கும் எலை போட்டுக்கினு எதிர்ல உக்காந்துட்டாங்க!" பேரவைத் தலைவருக்கு அது போய்ச் சேர்ந்ததும் அவரும் சிரித்தார்.

வட்டாரத் தலைவர் சிரிக்கவில்லை. ஆறு வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை, கையெழுத்து கையெழுத்துதானே என்றார். அதில் நியாயம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்பு என்னுதுதான் ஐயா. பயந்துட்டேன். என்னை இன்னா வேணா பண்ணுங்க. சபை ஒண்ணும் தப்பு பண்ணல. அவங்க ஓட்ட அவங்களுக்குக் குடுத்துடுங்க."

பேரவைத் தலைவர் என் புத்தகத்தைப் புரட்டவில்லை. வட்டாரத் தலைவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த அம்மா தெரிந்தே அப்படி எழுதியிருந்தாலும், ஒரு கடிதத்தை வைத்துத் தேர்தலை நிறுத்த எந்த விதி உங்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது?"

வட்டாரத் தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் போனார். கடைசியில் மூடி வைத்துவிட்டார்.

"நியமனக் கமிட்டி இருக்கிற சபைக்காரர்கள் கை தூக்குங்கள்," என்றார் பேரவைத் தலைவர். கைகள் எழுந்தன, எழுந்துகொண்டே இருந்தன. அத்தனை சபைகளிலும் என்னைப் போல யாரும் கடிதம் எழுதவில்லை. ஆறு வருஷமாக என் பேனாதான் எல்லாவற்றையும் பூட்டியது என்று நினைத்திருந்தேன். அது இல்லை என்று தெரிந்தபோது, அந்த நாற்காலியிலேயே ஸ்தோத்திரம் பண்ணினேன்.

நியமனங்கள் எல்லாம் ரத்து, இரண்டு மாதத்துக்குள் எல்லாச் சபையிலும் தேர்தல், அதன் பிறகு வட்டாரத் தலைவர் பதவிக்கும் தேர்தல் என்று அங்கேயே தீர்ப்பு வந்தது. வெளியே வந்ததும் என் கணவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

தேர்தல் ஞாயிறு அன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இரண்டு வேன் வந்தது. ஷிப்ட் முடித்த பிள்ளைகள் கம்பெனிச் சட்டையோடு இறங்கினார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே வரிசையில் நின்றது. என் மகள் ஓட்டுச்சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, "யம்மா, இனிமே எட்டரைக்குத்தானே?" என்றாள். புதுக் கமிட்டியின் முதல் தீர்மானமே அதுதான். சித்தூரில் நடந்த தேர்தலில் பழைய தலைவர் தோற்றார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வந்த புதியவர் தலையில் கை வைத்து முதலில் ஜெபித்தவர் அவர்தான். அன்றைக்கு மண்டபம் முழுக்க எழுந்து நின்று பாடினோம். எனக்குக் குரல் கட்டிப்போகும் வரை பாடினேன்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுதல். உங்கள் சபையில் இதைச் சொல்லுங்கள், அடுத்தவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். என் தவறையும் பயத்தையும் மறைத்து என்னைத் தைரியசாலி ஆக்காதீர்கள். பழைய வட்டாரத் தலைவரையும் கெட்டவராக்கி, கடைசியில் அவர் செய்த ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். கூட்டாமல் குறைக்காமல் கைமாற்றுங்கள்.