குதிரைக்கா, வீட்டுக்கா?

எங்கள் வீட்டுக்காரருக்குத் தொப்பை குறைய வேண்டுமாம். போன வாரத்திலிருந்து தினமும் காலையில் கொள்ளு வேகிறது. இன்றைக்குக் குக்கரைத் திறந்ததும் அந்த ஆவி முகத்தில் அடித்தது பாருங்கள், எனக்குப் பட்டுவின் ஞாபகம் வந்துவிட்டது.

பட்டு எங்கள் குதிரை. ஆரணியில் வீட்டுக்கு வீடு தறி இருக்கிற தெருவில் குதிரை வைத்திருந்தோம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தெருவே சிரித்ததுதான். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வாடகைக்கு விட்டால் நல்ல காசு என்று யாரோ இவர் காதில் ஓதிவிட்டார்கள். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், கடனை உடனை வாங்கி ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நான் அப்போது ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊரார் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவளுடைய வீட்டுக் கணக்கில் ஒரு குதிரை நுழைந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

என் பிறந்த வீடு தறி வீடு. தறியில் ஏற்றிய பாவு நூலை முழுக்க நெய்து சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி வரும். அதுவரை மளிகைக்காரரிடமும் பால்காரரிடமும் "பாவு முடியட்டுங்க" என்று சொன்னால் போதும், பொறுத்துக்கொள்வார்கள். எங்கள் வயிறும் அப்படியே பழகியிருந்தது. குதிரையிடம் அதைச் சொல்ல முடியுமா? கொள்ளு, தவிடு, புல், லாடம், கொட்டகை வாடகை என்று என் சம்பளத்தில் பாதி அதன் வாய்க்குள் போனது. லாடம் வாய்க்குள் போகாது, தெரியும். எரிச்சலில் அப்படித்தான் தோன்றும். முகூர்த்த மாதங்களில் ஏதோ சமாளித்தோம். ஆடியிலும் மார்கழியிலும் எவன் கல்யாணம் பண்ணுகிறான்? குதிரைக்கு மட்டும் ஆடியிலும் பசிக்கிறது.

மளிகைக்கடையில் கொள்ளு கேட்டால், "குதிரைக்கா, வீட்டுக்காங்க?" என்பார் கடைக்காரர். வீட்டுக்கென்றால் புடைத்துச் சுத்தம் செய்தது. குதிரைக்கென்றால் மூட்டையிலிருந்து அப்படியே அள்ளியது, விலை கம்மி. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "குதிரைக்குத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

ஒரு வைகாசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த மாசமும் கையக் கடிச்சுதுன்னா ஆடிக்கு முன்னால வித்துடுங்க" என்று தீர்த்துச் சொல்லிவிட்டேன். இவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மண்டபத்தில் மிஞ்சுகிற சோற்றை மாடு வைத்திருப்பவர்கள் பக்கெட்டில் வாங்கிப் போவது எங்கள் ஊர் வழக்கம். வாடகைப் பாக்கி வாங்கப் போன இவரும், மண்டபத்திலிருந்து ஒரு பெரிய பக்கெட் சோற்றோடு திரும்பினார்.

"மாடு துன்னுதுல்ல, இது துன்னாதா? இனிமே தீனிச் செலவு பாதி மிச்சம், பாரு."

பட்டு அவ்வளவு சோற்றையும் ஆசையாகத் தின்றது. நான் வேலைக்குப் போய்விட்டேன்.

மதியம் இவரிடமிருந்து போன் வந்தது. ஓடிவந்து பார்த்தால், பட்டு வேர்த்து நனைந்து நிற்கிறது. தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் தரையைக் கீறுகிறது, பொத்தென்று விழுந்து புரள்கிறது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார்.

"மாடு மாதிரி இது அசை போடாதும்மா, வாந்தி எடுக்கவும் வராது. தின்ன சோறெல்லாம் உள்ள உப்பிகினு இருக்குது. நடத்திகினே இருங்க, பொரள வுடாதீங்க. லத்தி போட்டுச்சுன்னா பொழச்சுது."

போடாவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை.

நடத்தினோம். தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி. ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் நின்றது. சிரித்த அதே ஜனங்கள் வாசலுக்கு வந்து, "போட்டுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டியே என் கழுத்து வலித்தது.

இதில் இன்னொரு பேஜார். அன்று சாயங்காலம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. வாங்கிய அட்வான்ஸ் ஏற்கெனவே தவிடாகவும் லாடமாகவும் மாறியிருந்தது. "குதிரை எங்கப்பா? ஜல்தி வா" என்று போன் மேல் போன். இவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"டாக்டரு நடத்தத்தானே சொன்னாரு? அப்டியே மண்டபத்துக்கு நடத்திகினு போனா இன்னா? மாப்ள ஒல்லிதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "அது மேல எவனாவது ஏறினா, நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேங்க."

"நீதானே வித்துடு வித்துடுன்ன?"

"வித்துடுங்கன்னுதான் சொன்னேன். சாவடிங்கன்னா சொன்னேன்?"

அவர் போனை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே போட்டார். "குதிர வராதுங்க. ஒடம்பு சரியில்ல." அந்தப் பக்கம் திட்டியது எனக்கே கேட்டது. "ஆமாங்க, தப்புதாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அட்வான்ஸைத் திருப்ப முதலாளியிடம் சம்பளத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம் என்று நான் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பட்டு தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டது. அதுவரை ஒருநாளும் நான் அதைத் தொட்டதில்லை. சூடான மூச்சு கழுத்தில் பட்டது. செத்துடாதடி, செத்துடாதடி என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கோயில் முனையில் நின்றது. வாலைத் தூக்கியது. லத்தி விழுந்தது. இவர் நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்து அழுதார். தூரத்தில் அந்த மாப்பிள்ளை அழைப்பின் மேளச் சத்தம் கேட்டது.

ஆடி வந்தது. விற்கிற பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. வேறு செலவுகளைச் சுருக்கிக்கொண்டோம். அப்புறம் சில வருஷங்களில் மாப்பிள்ளைகள் திறந்த காரில் நின்று வர ஆரம்பித்தார்கள். முகூர்த்த மாதங்களிலும் போன் வரவில்லை. கண்ணமங்கலத்துக்காரர் ஒருவர் வந்து பட்டுவை விலைக்கு வாங்கி வண்டியேற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் கடைக்கு லீவு போடவில்லை. வீட்டிலிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

போன வாரம் கொள்ளு வாங்க அதே மளிகைக்கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் இப்போது இல்லை, மகன் உட்கார்ந்திருக்கிறார். கொள்ளு வேண்டும் என்றேன். கால் கிலோ பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு பில் போட்டார். நான் நகராமல் நின்றேன்.

"வேற இன்னா வேணுங்க?" என்றார்.

அப்பா கேட்கும் அந்தக் கேள்வியை மகனும் கேட்பார் என்று காத்திருந்ததை எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.