விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை

நான் வார்டை விட்டு வகுப்பறைக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. ஐம்பதுகளின் கடைசியில் ஆங்கிலேயத் தாதிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இடங்களில் உள்ளூர்த் தாதிகளான எங்களை வைத்தார்கள். ஒரு காலை தாதியர் தலைவியான மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து தாதியர் பள்ளியில் முதலாண்டு மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு விருப்பமா என்று அவர் கேட்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது வருடம் வார்டில் வேலை பார்த்திருந்தேன், அதில் பாதிக்கு மேல் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில். காலையில் வார்டுக்குள் நுழைந்து ஒரு சுற்று வந்தால், யார் தேறிவிட்டார்கள், யாருக்கு இன்று ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவேன். எப்படிச் சொல்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

என் முதல் பாடம் நாடி பார்ப்பது. இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் போனேன். இருபத்து நான்கு பெண்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். சீனப் பெண்கள் பாதிக்கு மேல், மலாய்ப் பெண்கள் ஐந்தாறு பேர், நம்மவர்கள் நான்கு பேர். புத்தகத்தில் இருந்ததை ஆங்கிலத்தில் வாசித்தேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு மணி நேரப் பாடம் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோனது.

என்ன செய்வதென்று தெரியாமல், ஒருவர் நாடியை ஒருவர் பார்க்கச் சொன்னேன். ஒருத்தி நாற்பது என்றாள். இன்னொருத்தி நூற்று முப்பது என்றாள். நான் ஓடி ஓடி ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். நான் கையை எடுத்ததும் அவர்களுடைய விரல்கள் நகர்ந்துவிட்டன. முன் வரிசையில் இருந்த ஒரு பெண், "சிஸ்டர், உங்களுக்கு மட்டும் எப்படி உடனே கிடைக்கிறது?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அவள் விரலை மறுபடியும் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். மணி அடித்தபோது அவர்களைவிட எனக்குத்தான் நிம்மதி.

அன்றே மேட்ரனிடம் போய், என்னை வார்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்றேன். "மூன்று மாதம் கழித்து வந்து சொல்" என்றார். அவ்வளவுதான்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேலே ஒரு அறையில் நானும் கணவரும் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தில் கிராணி. கப்பலில் ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் சரிபார்க்கும் வேலை. அன்று சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கோப்பியை நீட்டியபடி கேட்டார்.

"என்னாச்சு?"

"ஏங்க, எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல. நாடி பாக்குறதக்கூடச் சொல்லத் தெரியல."

"சரி, எனக்குச் சொல்லு. நீ சொல்றத மட்டும் செய்றேன்."

"என் கையைப் புடிச்சு நாடி பாருங்க."

அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"அங்க இல்லங்க. மணிக்கட்டுல."

"நீ மணிக்கட்டுன்னு சொல்லலையே லா."

மணிக்கட்டைத் திருப்பிப் புறப்பக்கமாகப் பிடித்தார். உள்பக்கம் என்றேன். கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"கட்டைவிரல் வேணாம்."

"ஏன் வேணாம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். "கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு துடிப்பு இருக்குங்க. என்னோடத எண்ணுறதா நெனச்சு உங்களோடத எண்ணிடுவீங்க."

"இத அந்தப் பிள்ளைங்ககிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. அவர் வேண்டுமென்றே குத்துமதிப்பாக எதையும் செய்ய மறுத்தார். அழுத்தாதீங்க என்றால் விரலைத் தூக்கிவிடுவார். அழுத்துங்க என்றால் என் கை மரத்துப்போகும். கடைசியில், "மாவுக்குள்ள கட்டி இருக்கான்னு தடவிப் பாக்குற மாதிரி வைங்க" என்றேன். அவர் விரல் சரியாக உட்கார்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார்.

"எண்பத்திரண்டு. இது நல்லதா கெட்டதா?"

"நல்லதுதான்."

"எப்படித் தெரியும்? நேத்து எவ்வளவு இருந்துச்சு? ஒரே ஒரு நம்பர வச்சுக்கிட்டு என்ன சொல்ல முடியும்? ஏத்துனது எவ்வளவு, எறக்குனது எவ்வளவு, ரெண்டையும் பாத்தாத்தானே எங்க கொறையுதுன்னு தெரியும்."

நான் எழுந்து காகிதம் எடுத்துவந்தேன். வார்டில் என் கை தானாகச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதினேன். மூன்று விரல். முழு நிமிடம். வேகம் மட்டுமல்ல, துடிப்பு நிறைந்து வருகிறதா, நூல் போல மெலிந்து வருகிறதா. தோல் சூடா, ஈரமா. முந்திய எண் என்ன. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இத்தனையும் எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்த வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. மாணவிகளை என் கையைப் பிடிக்கச் சொல்லி, நான் சொன்னதை மட்டும் செய்யச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு எண்ணினார்கள். பெரும்பாலும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்.

பின் வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நீ சூன் என்ற ஊர்ப் பக்கம் காய்கறித் தோட்டக்காரரின் மகள். சீனப் பள்ளியில் படித்தவள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேசையைப் பார்ப்பாள். இரண்டு மாதம் பார்த்தேன். இவளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று முடிவு செய்து, தொடர்ந்து படிக்கத் தகுதியில்லை என அறிக்கை எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மேட்ரனிடம் கொடுப்பதாக இருந்தேன்.

புதன்கிழமை காலை மாணவிகளை என் பழைய வார்டுக்கு அழைத்துப்போனேன். முந்திய நாள் கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட தமிழ்ப் பெண் ஒருவர் அங்கே இருந்தார். சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் பூ கட்டி விற்பவர். அவருடைய நாடியைப் பார்த்துக் குறிக்கும் வேலையை அந்த நீ சூன் பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன்.

பத்து மணிக்கு அவள் என்னிடம் வந்தாள். உடைந்த ஆங்கிலமும் சந்தை மலாயுமாக அவள் சொன்னதன் அர்த்தம் இதுதான்: "சிஸ்டர், நாடி ஒரே மாதிரி இல்லை." நான் வேறொரு மாணவி நோயாளிக்குப் போட்ட கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். அந்த அம்மாள் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். "முதல் அறுவை, பயந்திருப்பார். போய் ஆறுதலாகக் கையைப் பிடித்துக்கொள்" என்றேன்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தாள். நாடி குறித்த அட்டையை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். எட்டு மணிக்கு எண்பத்தாறு. பத்து மணிக்கு நூற்றிரண்டு. இப்போது நூற்றுப் பதினெட்டு. மூன்று எண்களையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து எதையோ மெல்லியதாக இழுப்பது போலக் காட்டினாள். நூல்.

நான் ஓடினேன். நெற்றி சில்லிட்டு ஈரமாக இருந்தது. "மிஸ்ஸி, தண்ணி குடுங்க, தாகமா இருக்கு" என்றார் அந்த அம்மாள். வெளியே கட்டு உலர்ந்துதான் இருந்தது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் வந்தார், ரத்தம் ஏற்றினார்கள், மறுபடியும் அறுவைக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்கு மேல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது நாடியின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது. நானே ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த அறிக்கையைக் கிழித்தேன். அது போதவில்லை. அந்தப் பெண்ணை அழைத்து, நீ முதல் தடவை வந்தபோது நான் கேட்டிருக்க வேண்டும், என் தவறு என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, முகம் சிவந்துபோய் வேகமாகத் தலையாட்டினாள். மேட்ரனிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். நான் அலட்சியமாக இருந்ததையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வார்டுக்குத் திரும்புவது பற்றிக் கேட்டார். இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் வீட்டுக்குக் கிளம்பினார். புறப்படும் முன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, அந்தச் சீனப் பொண்ணு எங்க? அதப் பாக்காமப் போக மாட்டேன்."

அழைத்து வந்தேன். அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தமிழில் பேசிக்கொண்டே போனார். "நீ நல்லா இருக்கணும் தாயி. என் கையப் புடிச்சிக்கிட்டே நின்னியே, எனக்குத் தெரியும்." அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன், தேவைப்படவில்லை.

அவர் போன பிறகு அவள் என்னிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி வந்தது. வலிக்கிறதா என்பதைத் தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும்?

"வலிக்குதா."

"வலிக்... வலிக்குத்தா."

அடுத்த வகுப்பில் அவளையே கரும்பலகைக்கு அழைத்தேன். அவள் வீட்டில் பேசும் சீன மொழியான ஹொக்கியனில் அதை எப்படிக் கேட்பது என்று வகுப்புக்குச் சொல்லித்தரச் சொன்னேன். "தியா போ?" என்றாள், முதலில் மேசைக்குக் கேட்கும் குரலில். இன்னும் சத்தமாக என்றார்கள் பின்னாலிருந்தவர்கள். மலாய்ப் பெண் ஒருத்தி எழுந்து வந்து தன் மொழியில் எழுதினாள். நம் பெண் ஒருத்தி தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாள். தாகம், மூச்சு, தலைசுற்றல் என்று பலகை நிறைந்துகொண்டே போனது. ஒருத்தியின் உச்சரிப்பை இன்னொருத்தி திருத்தினாள். நான் சொன்ன "தியா போ"வைக் கேட்டு இருபத்து நான்கு பேரும் சிரித்தார்கள். நீ சூன் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கு வாயைத் திறந்து காட்டினாள். நான் ஒரு காலி மேசையில் உட்கார்ந்து திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான்காவது முறை சரி என்றாள்.