படத்துக்கு அடியில் ஓடிய எழுத்து

ஒரு புத்தகம் பிடித்துப்போனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான், கேட்க ஆள் இல்லாவிட்டால் படித்த கதை செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதில் குறை சொல்ல மாட்டேன். தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலைப் பற்றி ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார். "கதைதானே, அதுக்கு ஏன் மூக்க உறிஞ்சற?" என்பார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு காபி கலக்கப் போய்விடுவேன். காபியிலும் அதே கதைதான். கரோல் பாக் வரை பஸ்ஸில் போய்ப் பொடி அரைத்து வாங்கி வருவேன். டிகாக்‌ஷன் எவ்வளவு கெட்டியாக இறங்கினாலும் இந்த ஊர் எருமைப்பால் அதை விழுங்கிவிடும். எப்போதாவது இரண்டும் சரியாகச் சேர்ந்து, ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருக்கும். "இன்னிக்குக் காபி எப்படி?" என்று அவரைக் கேட்பேன். "சூடா இருக்கு" என்பார்.

ஒரு குளிர்காலத்தில் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு கிளாஸில் கருஞ்சிவப்பாக எதையோ கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்புக் கேரட்டைக் கடுகுப்பொடி போட்டு, வெயிலில் வைத்துப் புளிக்கவைத்த தண்ணீர். முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தேன். அடுத்த வாயில் கடுகு மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அப்படி ஒரு ருசி. அதையும் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "புளிச்சுப்போனதையா குடிச்சே?" என்றார் அவர்.

எங்களுக்கு ஒரே பெண். தில்லியிலேயே பிறந்தவள், அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் வீட்டில் தமிழில்தான் பேசுவாள். அதனால் அவளுக்குத் தமிழ் வரும் என்றே நினைத்திருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் டி.வி.யில் வாரம் ஒரு மொழியில் படம் போடுவார்கள், அடியில் இங்கிலீஷ் எழுத்தோடு. தமிழின் முறை வருவதற்குள் எத்தனையோ மாதம் போய்விடும். தமிழ்ப் படம் என்று தெரிந்துவிட்டால் எங்கள் வரிசைத் தமிழ் வீடுகளில் காலையிலேயே சமையல் முடிந்துவிடும். படத்துக்கு முன்னால் காது கேளாதவர்களுக்கான செய்தி வரும். எழுந்துபோனால் எங்கே படம் ஆரம்பித்துவிடுமோ என்று அதையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படி வந்த ஒரு படத்தில், ஆளில்லாத காட்டில் ரயில்வே கேட்டைக் காக்கிறவனின் மனைவி ஒருத்தி. பேச்சுத்துணை கிடையாது. ஒருநாள் சிக்னல் விழாமல் ரயில் அங்கே நின்றுவிடுகிறது. ஜன்னலோரம் இருக்கும் ஒரு பெண்மணி தண்ணீர் கேட்கிறாள். இவள் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்தப் பெண்மணி குடித்து முடித்த பிறகும் இவள், இருங்க, இன்னும் கொண்டுவரேன் என்று மறுபடி ஓடுகிறாள். இவள் திரும்பி வரும்போது ரயில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

நான் அழுதேன். அது அதிசயமில்லை. திரும்பிப் பார்த்தால் என் பெண்ணும் பாவாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவளுக்கும் கொஞ்சம் காபி கொடுத்தேன். அவளே பேச்செடுத்தாள். "அவங்களுக்கு அப்புறம் தாகமே இல்லம்மா. இவளுக்கு அவங்க போகக்கூடாது, அவ்ளோதான்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டுக்குள்ளேயே ஆள் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. எழுத்து தெரியாவிட்டால் என்ன, நான் படித்துக் காட்டுகிறேன் என்று மறுநாளே ஆரம்பித்தேன். ஸ்கூலிலிருந்து வந்து பால் குடித்ததும் பக்கத்தில் வந்து உட்காருவாள். எனக்குப் பிடித்த நாவல்களைக் குரலை ஏற்றி இறக்கிப் படிப்பேன். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கும்மா" என்பாள். குளிர் போய் வெயில் வந்தது, கூலர் ஓட ஆரம்பித்தது, நாங்கள் ஒவ்வொரு புத்தகமாக முடித்துக்கொண்டிருந்தோம். மதியத்தில் தனியாக இருக்கும்போதுகூட, இந்த இடத்தை அவளிடம் எப்படிப் படிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

மறுபடி தமிழின் முறை வந்தது. இருவரும் தயாராக உட்கார்ந்தோம். தெற்குச் சீமைக் கதை. எல்லோரும் கிடுகிடுவென்று பேசினார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் என் கையைத் தொட்டாள்.

"அம்மா, இன்னிக்கு கீழ எழுத்து வரல. என்ன பேசறாங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை.

"அன்னிக்கு ரயில் படம்?"

"அதுல எழுத்து இருந்துதே. படிச்சேன்."

எங்கள் வீட்டுத் தமிழை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். சாப்பிட வா. குளிச்சாச்சா. ஜல்தி கிளம்பு. ஸ்வெட்டர் போட்டுக்கோ. அவ்வளவுதான் தமிழ். அதை வைத்துக்கொண்டு எந்தக் கதையைப் புரிந்துகொள்வாள்?

கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். "நான் தினமும் படிச்சது?"

அவள் குனிந்துகொண்டாள். "கொஞ்சம் கொஞ்சம் புரியும். நீ படிக்கறப்போ ரொம்ப குஷியா இருப்பே. அதான் உக்காந்துப்பேன்."

கோபம் வந்திருந்தால் தேவலை. வரவில்லை. படத்தில் என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றைச் சொல்வதற்குள் நாலு வசனம் போய்விட்டது. "பரவாயில்லம்மா, நீ பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஸ்கூலிலிருந்து வந்தவள், ஒன்றும் நடக்காதது மாதிரி பாலைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாவல் பாதியில் இருந்தது. "இன்னிக்குத் தலைவலி. நீ போய் விளையாடு" என்றேன். "சச்சி? நிஜமாவா?" என்று கேட்டாள். நான் தலையசைத்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

காயப்போட்ட துணியை எடுக்க பால்கனிக்குப் போனேன். கீழே புல்தரையில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று என் பெண் இந்தியில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவி மாதிரி குனிந்தாள், யாரையோ கையை நீட்டி மிரட்டினாள், திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். அந்தப் பெண்கள் சிரித்துவிட்டு, அப்புறம் ஒரேயடியாகச் சத்தமடங்கிப் போனார்கள். எங்கே படித்தாள், யாருடைய கதை, எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் ஒருநாளும் அவள் கதை சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த இந்தி கத்தரிக்காய்க்காரனோடு பேரம் பேசுகிற இந்தி. அவள் சொன்னதில் பாதிகூடப் புரியவில்லை. துணியெல்லாம் எடுத்தாகிவிட்டது. அவள் முடிக்கிறவரை நான் உள்ளே போகவில்லை.