அக்காவைப் படம் பிடிக்க வந்தவர்கள்

கண்டாவளைப் பக்கம் அந்த வீட்டுக்கு நான் முதன்முதல் போனபோது வீட்டுக்காரர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகும்படி கையைக் காட்டினார். நோயாளி அவருடைய சொந்த அக்கா. மார்பில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. கிளிநொச்சியில் ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து தொடங்கிய சிறிய சங்கம் ஒன்றில் நான் தாதியாக இருக்கிறேன். பஞ்சு, துணி, சேலைன், வலிக்குரிய மருந்து எல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டு ஸ்கூட்டியில் கொண்டு திரிவேன்.

பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில். உரப்பைகளும் வயலுக்கு மருந்தடிக்கிற மெசினும் வைக்கிற இடம். அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மற்றப் பக்கம் கட்டில் போட்டிருந்தார்கள். வயல் மருந்தின் நெடியையும் மீறிக்கொண்டு புண்ணின் நாற்றம் வாசலிலேயே முகத்தில் அடித்தது. வெளியே கவிழ்த்து வைத்த வாளியின் மேல் ஒரு கோப்பையில் சோறு இருந்தது. எறும்பு ஏறியிருந்தது. எழுந்து உட்காரவே முடியாத ஒருவர் வந்து எடுத்துச் சாப்பிடுவார் என்று யாரோ அதை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அக்கா ஒரு பழைய சேலைத்துண்டைப் புண்ணில் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார். அது காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. நனைத்து நனைத்து மெதுவாக எடுத்தேன். உள்ளே புழு. கூட்டமாக, வெள்ளையாக. வெளிச்சம் பட்டதும் சதைக்குள் தலையை இழுத்துக்கொண்டன. தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேலியோரம் நின்று வாந்தியெடுத்தேன். இந்த வேலையில் பல வருடம் இருந்துவிட்டேன். நாற்றம் பழகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர்கள் கிட்டப் போனதில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தி எடுத்தனீங்களே மிஸ்ஸி?"

"ஓம் அக்கா."

"பரவாயில்லை. எனக்கும் வாறதுதான். எழும்பி ஓட ஏலாமல் கிடக்கிறன்."

அன்று டர்பன்டைன் விட்டு, புழுக்கள் மேலே வர வர ஒவ்வொன்றாக எடுத்தேன். புண்ணைக் கழுவி, நாற்றத்தைக் குறைக்கிற குளிசையைத் தூளாக்கித் தூவி, புதுத் துணி வைத்துக் கட்டினேன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். கொஞ்சம் கொஞ்சமாகப் புழு இல்லாமல் போனது. நாற்றம் குறைந்தது. வலிமருந்தைச் சரியாகக் குடிக்கத் தொடங்கியதும் அக்கா கதைக்கத் தொடங்கினார்.

அவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்தவர். கலியாணம் கட்டவில்லை. சண்டைக்குள் பெற்றோர் இறந்தபிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக ஓடியவர். முகாமில் இருந்து திரும்பி வந்து, காடு மண்டிக் கிடந்த இந்தக் காணியைத் தம்பியோடு சேர்ந்து வெட்டித் துப்புரவாக்கியவரும் அவர்தான். இவற்றையெல்லாம் ஒரு பெருமையும் இல்லாமல், பருப்புக் கறி வைக்கிற முறையைச் சொல்வதுபோலச் சொல்வார்.

புற்றுநோய் வருத்தம் கிணற்றுத் தண்ணீரால் பரவும் என்று அயலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட தம்பி அக்காவைக் கிணற்றடிப் பக்கம் விடாமல் நிறுத்தினார். பிறகு வீட்டுக்குள்ளும் விடவில்லை. தம்பியின் மனைவி கொட்டிலுக்குச் சில அடி தள்ளி நின்றே கதைப்பார். இது தொற்றுகிற வருத்தம் இல்லை என்று விளங்கப்படுத்துவதற்காக ஒருநாள் நானே முன் விறாந்தைக்குப் போனேன். தம்பி கதிரையைக் காட்டினார். நான் இருந்தபிறகு கேட்டார்:

"கையைக் கழுவிப்போட்டுத்தானே மிஸ் வந்தனீங்கள்?"

நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். அக்காவை இந்த விறாந்தைக்குக் கொண்டுவந்தால் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், அவரும் அதைத்தான் கேட்கிறார் என்றேன். மகளுக்குக் கலியாணம் பேசி ஆட்கள் வருகிற வீடு என்று சொன்னார். நான் எழுந்து வாசல் படலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவருடைய மனைவி நான் இருந்த கதிரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணுக்கு மறையும்வரைகூட அவர் பொறுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் சங்கத்தின் தலைவர் ஒரு செய்தி சொன்னார். அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். எங்களுக்கு உதவி அனுப்புகிறவர்கள் வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிறார்களாம். ஒரு நோயாளியை நேரில் பார்த்துச் சின்ன வீடியோ ஒன்று எடுக்க விரும்புகிறார்களாம். கண்டாவளை அக்காதான் பொருத்தம், புண்ணும் இப்போது சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அக்காவிடம் தானே நேரில் போய்க் கேட்டதாகவும், அவர் சம்மதித்துவிட்டதாகவும் சொல்லிக் கதையை முடித்தார்.

அவர்கள் வந்த அன்று கொட்டிலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. உரப்பைகளைக் காணவில்லை. நிலம் மெழுகியிருந்தது. அக்காவின் கீழே மடிப்புக் கலையாத புதுப் பெட்சீற். எப்போதும் சறத்தோடு திரிகிற தம்பி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வான் வண்டியில் இருந்து இறங்கியவர்கள் முகக்கவசம் போட்டிருந்தார்கள். அதற்கு மேலால் ஓடிகொலோன் நனைத்த கைலேஞ்சியையும் பிடித்திருந்தார்கள். ஒருவர் படலையிலேயே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கிவிட்டார். வன்னி மண்ணில் கைவிடப்பட்ட ஒரு தாயின் கண்ணீர் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் அழவும் இல்லை.

தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் வந்துபோன அத்தனை நாளிலும் அவர் அந்தக் கொட்டிலுக்குள் காலெடுத்து வைத்ததை நான் கண்டதில்லை. அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கண்ணீர் உண்மையாகவே ஓடியது. அம்மாவுக்குப் பிறகு எனக்கு அம்மா இவர்தான் என்று போனைப் பார்த்துச் சொன்னார். அக்கா தன் கை அங்கே இருப்பதை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போன்காரர் மிகவும் மரியாதையாக என்னிடம் திரும்பினார்.

"காயத்தையும் ஒருக்காக் காட்டினால் நல்லம் மிஸ். சனத்துக்கு விளங்க வேணுமெல்லே."

முடியாது என்றேன். ஒரு செக்கன் விசயம் பிள்ளை என்று தலைவர் பின்னால் நின்று சொன்னார். நான் கட்டிலுக்கும் போனுக்கும் நடுவில் போய் நின்றேன். அப்போதுதான் பின்னால் துணி சரசரக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா தானே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண் தகரக் கூரையில் இருந்தது. நான் கட்டி வைத்திருந்த துணியையும் ஒரு கையால் இழுத்துவிட்டார். நான் பாய்ந்து பெட்சீற்றின் கரையை இழுத்து மூடினேன். ஆனால் அதற்குள் அந்த மனிதர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி எடுத்துவிட்டார். வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மற்றவர்கள் நன்றி சொன்னார்கள். பிஸ்கற்றும் பால்மாவும் போட்ட பை ஒன்றைக் கொடுத்து, அதையும் படம் எடுத்தார்கள். அக்காவின் கைகள் நான் மூடிய பெட்சீற்றுக்குள் இருந்ததால் தம்பிதான் பையை வாங்கினார்.

வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். புண்ணின் நாற்றம் போய்விட்டது. ஓடிகொலோன் மணம் போகவில்லை.

அடுத்த முறை மருந்து கட்டும்போது, ஏன் சட்டையைக் கழற்றினீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். நான் கட்டி முடித்ததும் பொத்தானைத் தானே பூட்டினார். பிறகு சொன்னார்:

"காட்டாட்டில் நீங்கள் இனி வரமாட்டியள் எண்டு உங்கடை தலைவர் சொன்னவர் மிஸ்ஸி. திரும்பப் புழு வைச்சிடும் எண்டு பயந்துபோனன்."

அங்கிருந்து நேரே சங்க அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் தேத்தண்ணிக்குள் பிஸ்கற்றைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"நான் வெருட்டேல்லைப் பிள்ளை. நிலைமையைத்தான் சொன்னனான். உம்முடைய ஸ்கூட்டிக்குப் பெற்றோல் எங்கையிருந்து வருகுதெண்டு நினைச்சீர்?"

சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்குள் உடைந்து விழுந்த பிஸ்கற்றைக் கரண்டியால் தேடினார். சாகக் கிடக்கிற பெண் ஒருத்தியின் பயத்தைப் பிடித்து இழுத்து உடுப்புக் கழற்ற வைத்த மனிதர், ஒரு துண்டு பிஸ்கற்றைக் கவனமாகத் தேடி எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெற்றோலில்தான் நானும் ஓடுகிறேன் என்பது தெரியாமல் இல்லை. அதனால் அருவருப்புக் குறையவில்லை, கூடியது.

"இனி நான் போற வீடுகளுக்குக் கமரா வரக்கூடாது சேர். வந்தால் பெட்டியைக் கொண்டுவந்து இந்த மேசையிலை வைச்சிட்டுப் போயிடுவன்."

அவர் முகம் கறுத்தது. பல வாரம் என்னோடு நேரே கதைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு கமரா எதுவும் வரவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்க வேறு யாரும் முன்வர மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

வீடியோவை மட்டும் அழிக்க வைக்க முடியவில்லை. அது போனுக்குப் போன் போய்விட்டது. சோகமான வயலின் இசை சேர்த்திருந்தார்கள். புண்ணை மங்கலாக்கியிருந்தார்கள். அக்காவின் முகத்தை மங்கலாக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வெளிநாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் போனில் கூப்பிட்டுக் கிழித்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவளை உரக் கொட்டிலிலா வைத்திருக்கிறாய் என்று கேட்டார்களாம். அடுத்த முறை நான் போனபோது அக்கா விறாந்தையில் இருந்தார். புதுக் கட்டில், மெத்தை, தலைமாட்டில் ஒரு காற்றாடி. தம்பியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். கஞ்சி அக்காவின் கழுத்தால் வழிந்தது. அதை அவர் பார்க்கவில்லை. கரண்டியை வாங்கி நானே பருக்கினேன்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். அக்காவைக் கண்டு சிலர் கை காட்டினார்கள். ஒரு பெரிய பெண்பிள்ளை சைக்கிளை நிறுத்தி, அன்ரி உங்கடை சோயாக்கறி மாதிரி இப்ப இல்லை என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் முழுதாகக் கண்டேன்.

"அந்த வீடியோக்காரன் நல்லாயிருக்கட்டும் மிஸ்ஸி" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. எனக்கு நினைக்கவே அருவருக்குது."

"உங்களுக்கு அருவருக்கும். எனக்கு றோட்டுத் தெரியுது."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் அதை வைத்து அந்த மனிதர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு விறாந்தைக்காக ஒருவர் தன் நெஞ்சைத் திறந்து ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்த விறாந்தைக்கு நிலத்தைத் துப்புரவாக்கிக் கொடுத்தவரே அவர்.

மாரிமழை தொடங்கும்வரை அக்கா இருந்தார். கடைசி நாட்களில் கதை குறைந்துபோனது. றோட்டைப் பார்த்தபடி கிடப்பார். வலி கூடாமல் பார்த்துக்கொண்டேன். அதை மட்டும் என்னால் சரியாகச் செய்ய முடிந்தது. ஒரு காலை, நான் முதுகைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் படுக்க வைத்தபோது இரண்டு முறை பெரிதாக மூச்சு விட்டார். பிறகு விடவில்லை. நானும் பள்ளிக்கூடக் குசினியில் அவரோடு வேலை செய்த ஒரு பெண்ணும்தான் குளிப்பாட்டி உடுப்பு மாற்றினோம். வீட்டுக்காரர்கள் யாரும் தொடவில்லை. செத்தவீடு முடிந்த கையோடு புதுக் கட்டிலையும் மெத்தையையும் கொண்டுபோய்க் காணி மூலையில் எரித்தார்களாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். சந்தியிலேயே பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். வீடியோவில் இருந்து எடுத்த அக்காவின் முகம். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண். கழுத்துக்குக் கீழே வெட்டிப் பூக்கள் போட்டிருந்தார்கள். விறாந்தையில் பந்தி நடந்தது. தம்பி வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, கடைசிவரைக்கும் இந்த விறாந்தையிலேயே கண்ணுக்குள் வைத்துப் பார்த்தோம், மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கோ என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கடைசி மாசம்தான் விறாந்தையிலை வைச்சவை. அதுக்கு முதல் கொட்டிலுக்குள்ளைதான் கிடந்தவா" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் பாயாசம் கேட்டார். எனக்கு முன்னால் இருந்த சோற்றில் என்னால் கை வைக்க முடியவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

இப்போது ஜெயபுரத்தில் ஒருவரைப் பார்க்கிறேன். வாயில் புண். அவருடைய மகள் பயப்படாமல் துடைக்கிறாள். கண்டாவளைப் பக்கம் போக வேண்டி வந்தால் அந்தத் தம்பி படலையில் நின்று கை காட்டுவார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன். நிற்பதில்லை.