பெரட்டுக்கு வராத ஒரே நாய்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து நாய்களுக்கெல்லாம் இன்று ஊசி போட்டாகிவிட்டது. சொல்லாமல் இருக்க முடியவில்லை!

வேலையில்லாத நாளாகப் பார்த்து, வெறிநாய்த் தடுப்பூசி போடும் அரசாங்க மாத்தயா ஜீப்பில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் நாய்கள் அத்தனையும் தேயிலைக்குள் ஓடி மறைந்தன. என் செவலையும்தான்.

“ஊசி போடாத நாயை நாளைக்குச் சுட்டுருவாங்க,” என்றார் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா.

என் செவலையையுமா? நாய்கள் பயப்படுகின்றன என்று ஊசி வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பக்கத்துக் காம்பரா ராமாயி அக்கா, வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். அவளைக் கடித்ததும் நாங்கள் சோறு வைத்த நாய்தான்.

“ஐயா, பெரட்டுத் தப்ப அடிக்கச் சொல்லுங்க,” என்றேன்.

“லீவு நாள்ல பெரட்டா? ஒனக்கென்ன பைத்தியமா புள்ள?”

“அடிச்சுத்தான் பாருங்களேன்!”

விடியலில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எங்களைக் கூப்பிடும் பறைதான் அந்தத் தப்பு. அந்தச் சத்தம் கேட்டால் நாய்களும் பெரட்டுக் களத்துக்கு வந்துவிடும். எங்கள் ரொட்டியில் ஒரு துண்டு கிடைக்குமே!

தப்பு முழங்கியது. தேயிலை அசைந்தது. முதலில் செவலை, பின்னால் ஒரு பட்டாளமே! நாங்கள் ரொட்டியை நீட்ட நீட்ட, மாத்தயா ஊசியைக் குத்திக்கொண்டே போனார்.

வராதது தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா நாய் மட்டும்தான். அது என்றைக்குப் பெரட்டுக்கு வந்திருக்கிறது? துரையின் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறதாம்.

நாளைக்குத் துப்பாக்கியோடு பங்களாவுக்குப் போகப் போகிறவர் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.