அவர் தீட்டாத சிவப்பு

எனக்கு எண்பத்தைந்து வயது. ஒற்றை ஆளாக நாலு பிள்ளைகளை வளர்த்தவள். வெள்ளைக்காரன் காலத்தில், என் இருபத்தைந்தாவது வயதில், அம்பத்தூர் ஏரிக்கரையில் டிராயிங் வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னே அவசரமாக வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்.

புருஷன் செத்ததிலிருந்து எனக்கு வெள்ளைப் புடவைதான். தண்ணீர் எடுக்க மட்டுமே வெளியே விடுவார்கள். படத்தில் மேகமும் கரையும் கருநீலம். குடத்தோடு நான் நின்ற இடத்தில் மட்டும் வர்ணம் இல்லை, வெறும் தாள்.

"படத்துலயாவது எனக்கு சேப்புப் பொடவை கட்டுங்க, சார்."

"வாணாம்மா. சுத்தி இருட்டா கீது, வெள்ளையா வுட்டாத்தான் எடுப்பா தெரியும்."

"இன்னாடி அங்க பேச்சு? ஊட்டுக்கு வா!" என்று கரைமேலிருந்து மாமியார் கத்தினாள்.

குடத்தைத் தூக்கினேன். எடுப்பாகத்தான் இருந்தேன், தாளிலும் அதே புடவையில். நல்ல மனிதர்தான், ஒரு துளி சிவப்புக்கு ஏன் மனசு வரவில்லையோ.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதில், நான் சிவப்பு கேட்ட இடத்தை இன்னொரு தரம் படித்துக் காட்டு.